சென்னை வீட்டு ஹாலுக்கு உயர்தர ஸ்பீக்கர்: பணம் கட்டுவதற்கு முன் எடைபோட வேண்டியவை

ஒரு ஜோடி ஸ்பீக்கருக்கு லட்சங்களில் செலவழிக்கலாம் என்று மனம் வந்துவிட்டவர்கள், எடுத்த எடுப்பில் எந்தக் கம்பெனி, எந்த மாடல் என்று விசாரிக்கத் தொடங்குகிறார்கள். அந்த விசாரணை கடைசியில் வரவேண்டியது. சென்னையில் நாம் குடியிருக்கும் வீடுகளின் கட்டுமானம், வெளிநாட்டு விமர்சகர்கள் பலர் ஸ்பீக்கர்களை வைத்துக் கேட்கும் வீடுகளின் கட்டுமானத்திலிருந்து பெரிதும் வேறுபட்டது. ஆகையால் அவர்கள் புகழ்ந்த ஸ்பீக்கர் நம் ஹாலிலும் அதே குரலில் பாடும் என்று எதிர்பார்க்க முடியாது. என் கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: மிதமான அளவுள்ள, நேர்மையாக ஒலிக்கும் ஒரு ஸ்பீக்கரைத் தன் வீட்டிலேயே வைத்துக் கேட்டுப் பார்த்து வாங்குபவர், இரு மடங்கு விலையுள்ள பெரிய பெட்டியை ஷோரூமில் கேட்டு மயங்கி வாங்குபவரைவிட நல்ல சங்கீதம் கேட்பார். அந்த முடிவுக்கு வந்துசேரும் வழியைப் படிப்படியாக எழுதுகிறேன்.

முதற்படி: அறையை அளந்து எழுதிவையுங்கள்

டேப்பை எடுத்து ஹாலின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கதவு, ஜன்னல், பால்கனிக் கண்ணாடி, சோபா, டிவி ஆகியவை இருக்கும் இடங்களையும் அதே தாளில் வரைந்துவிடுங்கள். அடுத்து வரும் ஒவ்வொரு முடிவுக்கும் இந்தத் தாள் தேவைப்படும்.

மூடிய அறையில் எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே சில தாழ்ந்த ஒலிகள் மோதித் திரும்பி, தம்மைத் தாமே பெருக்கிக்கொள்கின்றன. எந்த ஒலி பெருகும் என்பதை ஒலியின் வேகத்தை அறை நீளத்தின் இரு மடங்கால் வகுத்துக் கண்டுபிடிக்கலாம். சென்னை வெப்பத்தில் ஒலியின் வேகம் நொடிக்கு ஏறக்குறைய 349 மீட்டர். 14 அடி நீளம், 12 அடி அகலம், 10 அடி உயரம் உள்ள ஹாலை எடுத்துக்கொண்டால், நீளவாட்டில் 41 ஹெர்ட்ஸிலும் (அதாவது நொடிக்கு 41 அதிர்வு), அகலவாட்டில் 48 ஹெர்ட்ஸிலும், தரைக்கும் கூரைக்கும் இடையில் 57 ஹெர்ட்ஸிலும் ஒலி வீங்கும். அவற்றின் இரு மடங்கான 82, 95, 114 ஹெர்ட்ஸிலும் அடுத்த வரிசை வீக்கம் எழும். 12 அடிக்கு 12 அடி என்று சதுரமாக உள்ள அறையில் இரண்டு வீக்கங்கள் ஒரே இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக விழுவதால் அது மிகவும் கடினமான அறை. வீட்டில் வேறு அறை இருந்தால் சதுர அறையைத் தவிர்த்துவிடுவது நல்லது.

அமெரிக்க வீடுகளில் உட்சுவர்கள் பெரும்பாலும் மரச்சட்டத்தின்மேல் ஜிப்சம் பலகை அடித்துக் கட்டப்பட்டவை. அந்தப் பலகை தாழ்ந்த ஒலிக்குச் சற்றே வளைந்துகொடுத்து, அதில் ஒரு பகுதியை உறிஞ்சிவிடும். நம் வீடுகளிலோ செங்கல் சுவர், கான்கிரீட் தளம், விட்ரிஃபைடு டைல்ஸ் தரை. புதிய உயர்மாடிக் குடியிருப்புகளில் மைவான் ஷட்டரிங் என்னும் அலுமினிய அச்சு போட்டு வார்த்த கான்கிரீட் சுவர்கள். இவை பாஸ் என்னும் தாழ்ந்த ஒலியை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லுமளவுக்கு அப்படியே திருப்பி அனுப்பிவிடுகின்றன. வெளிநாட்டு விமர்சனத்தில் 'பாஸ் கொஞ்சம் குறைவு' என்று எழுதப்பட்ட சிறிய ஸ்பீக்கர் நம் ஹாலில் சரியாக நிறைந்து ஒலிப்பதும், 'ஆழமான பாஸ்' என்று கொண்டாடப்பட்ட பெரிய ஸ்பீக்கர் இங்கே கும்மென்று அடைத்துக்கொண்டு ஒலிப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சென்னை ஃப்ளாட்டுகளில் ஹாலும் டைனிங்கும் 'ட' வடிவில் ஒன்றாகவே இருக்கும். ஒரு பக்கம் சுவர், மறுபக்கம் திறந்த வெளி என்றால் இடது ஸ்பீக்கரும் வலது ஸ்பீக்கரும் இரண்டு வேறு அறைகளில் இருப்பதைப் போலத்தான் ஒலிக்கும். டிவிச் சுவரை விட்டு, இருபுறமும் ஓரளவு ஒத்த சுவர்கள் உள்ள இடம் வீட்டில் வேறெங்காவது இருக்கிறதா என்று இப்போதே பார்த்துவைப்பது பின்னால் பெரிய செலவைத் தவிர்க்கும்.

அளந்து முடித்ததும் ஹாலின் நடுவில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். தட்டலுக்குப் பின் 'ட்ர்ர்ர்' என்று ஓர் உலோக அதிர்வு நீடித்தால், வெற்றுச் சுவர்களுக்கு இடையில் ஒலி பந்தாடப்படுகிறது. தடித்த கம்பளம், மடிப்பு மடிப்பாகத் தொங்கும் கனமான திரைச்சீலை, புத்தகங்கள் நிறைந்த திறந்த அலமாரி, துணி உறையிட்ட சோபா ஆகியவை இதைக் கணிசமாகக் குறைக்கும். பவானி ஜமுக்காளத்தை விரித்தாலும் ஓரளவு பயனுண்டு; ஆனால் அது மெல்லியதாகையால் உச்ச ஒலிகளை மட்டுமே தணிக்கும். அதன்கீழ் ஒரு தடித்த விரிப்பு இருந்தால் மேலும் சிறக்கும். முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் பாஸ் வீக்கத்துக்கு எந்தப் பரிகாரமும் கிடைக்காது.

இரண்டாம் படி: எதைக் கேட்கிறீர்கள் என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்

எல்லாச் சங்கீதமும் ஸ்பீக்கரிடம் ஒரே வேலையைக் கேட்பதில்லை. ஒரு கட்டைச் சுருதியில் பாடும் ஆண் பாடகரின் ஆதார ஷட்ஜம் ஏறக்குறைய 131 ஹெர்ட்ஸ். அவர் மந்திர பஞ்சமம் என்னும் கீழ்ப் பஞ்சமத்துக்கு இறங்கும்போது 98 ஹெர்ட்ஸைத் தொடுகிறார். ஐந்து கட்டையில் பாடும் பெண் பாடகருக்கு ஷட்ஜம் 196, கீழ்ப் பஞ்சமம் 147 ஹெர்ட்ஸ். கச்சேரி மேடையில் இதற்கும் கீழே கணிசமாக இறங்குபவற்றில் முதன்மையானது மிருதங்கத்தின் தொப்பி, அதாவது அதன் கனத்த நாதப் பக்கம். ஆகவே கர்நாடக சங்கீதமே உங்கள் முதன்மையான ரசனை என்றால், 50 ஹெர்ட்ஸ் வரை ஒழுங்காக இறங்கும் ஸ்பீக்கரே போதுமானது. 25 ஹெர்ட்ஸ் வரை இறங்குவதற்காகக் கொடுக்கும் கூடுதல் லட்சத்துக்கு அங்கே வேலை இல்லை. பாஸ் கிட்டாரின் தடித்த தந்தி 41 ஹெர்ட்ஸிலும் பியானோவின் கடைசிக் கட்டை 27.5 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கின்றன. மேற்கத்திய இசையும், சின்தசைசர் பாஸ் நிரம்பிய இன்றைய திரைப்பாடல்களும் அதிகம் கேட்பவருக்கு அந்த ஆழம் தேவைப்படலாம்.

கச்சேரி ரசிகருக்கு உண்மையான சோதனை நடுப்பகுதியில் இருக்கிறது. குரலும் வயலினும் வீணையும் வாழும் இடம் அது. அங்கே ஒரு ஸ்பீக்கர் சிறிது பொய் சொன்னாலும் பழகிய காது பிடித்துவிடும். அதைவிட நுட்பமான சோதனை தம்புரா. நல்ல ஸ்பீக்கரில் தம்புராவின் ஜீவா என்னும் ரீங்கார நாதம், பாடகருக்குப் பின்னால் தனியாக, விட்டுவிட்டு அல்லாமல் ஒரே இழையாக ஓடிக்கொண்டிருக்கும். உச்ச ஒலியைத் தூக்கிக் காட்டும் ஸ்பீக்கரில் அதே தம்புரா முன்னால் வந்து ரீங்காரமாக உறுத்தும். மந்தமான ஸ்பீக்கரில் அது காணாமலே போய்விடும். தொப்பியைக் கையால் அழுத்தி எழுப்பும் கும்கி விழும்போது நாதம் வளைந்து ஏறுவது தெளிவாகக் கேட்கவேண்டும். வளைவு மறைந்து வெறும் 'தும்' மட்டும் வீங்கிக் கேட்டால், அந்த ஸ்பீக்கரோ அந்த அறையோ 80 முதல் 110 ஹெர்ட்ஸ் பகுதியில் மிகைப்படுத்துகிறது என்று பொருள்.

மார்கழியில் சபாக்களில் கேட்ட ஒலியை ஒப்பீட்டு அளவுகோலாக வைத்துக்கொள்பவர்கள் பலர். அது முழுமையான அளவுகோல் ஆகாது. அங்கே நாம் கேட்பது பெரும்பாலும் மைக் வழியாக அரங்கின் ஸ்பீக்கர்களில் வரும் ஒலியே. யாராவது வீட்டுக் கூடத்தில் மைக் இல்லாமல் பாடும்போதோ, ஒரு வீணையைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கும்போதோ காதில் பதிவதே உங்கள் அளவுகோலாக இருக்கட்டும். ஸ்பீக்கர் வாங்கும் எண்ணமுள்ளவர்கள் அதற்கு முந்தைய மாதங்களில் அத்தகைய வாய்ப்புகளைத் தேடிப் போவது, இணையத்தில் விமர்சனங்கள் படிப்பதைவிடப் பன்மடங்கு பயனுள்ளது.

மூன்றாம் படி: வகையைத் தீர்மானித்தல்

ஸ்டாண்டில் வைக்கும் புக்ஷெல்ஃப், தரையில் நிற்கும் ஃப்ளோர்ஸ்டாண்டர், ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே அமைந்த ஆக்டிவ் ஸ்பீக்கர் என்று மூன்று வழிகள் உங்கள் முன் இருக்கும். 200 சதுர அடிக்கு உட்பட்ட ஹாலுக்கு, கையில் எவ்வளவு பணம் இருந்தாலும், நான் பரிந்துரைப்பது தரமான புக்ஷெல்ஃப் ஜோடியும் கனமான ஸ்டாண்டும்தான். பெட்டி சிறியதாக இருப்பதால் அதைச் சுவரிலிருந்து நகர்த்தி, தகுந்த இடம் தேட முடியும். ஃப்ளோர்ஸ்டாண்டரை எங்கே வைத்தாலும் அது அறையின் பாஸ் வீக்கத்தை முழு பலத்துடன் கிளப்பிவிடுகிறது. ஆழம் போதவில்லை என்று தோன்றினால் பின்னால் சப்வூஃபர் என்னும் பாஸுக்கான தனிப் பெட்டி ஒன்றைச் சேர்க்கலாம். அதன் அளவையும் இடத்தையும் தனியே சரிசெய்துகொள்ளும் வசதி அப்போது கிடைக்கிறது.

சிறிய பெட்டியை ஏழைகளின் ஸ்பீக்கர் என்று நினைப்பவர்களுக்கு பிபிசியின் எல்எஸ்3/5ஏ நல்ல பதில். வெளிப்புற ஒலிபரப்பு வாகனத்தின் நெருக்கடியான அறைக்குள் வைத்துப் பேச்சுக் குரலைத் துல்லியமாகக் கண்காணிப்பதற்காக 1970-களின் முற்பகுதியில் பிபிசி பொறியாளர்கள் வடிவமைத்தது அது. உயரம் 30 சென்டிமீட்டரையொட்டியே இருக்கும். ரோஜர்ஸ், ஸ்பெண்டார், ஹார்பெத் போன்ற நிறுவனங்கள் உரிமம் பெற்று அதைத் தயாரித்தன. மனிதக் குரலுக்காகவே உருவானதால் வாய்ப்பாட்டு ரசிகர்கள் அந்த மரபில் வந்த ஸ்பீக்கர்களை ஒருமுறையாவது கேட்டுப் பார்ப்பது நல்லது. இந்தியத் தயாரிப்புகளையும் விட்டுவிடாதீர்கள். கொல்கத்தாவின் சோனோடைன், கொச்சியின் ரெத்ம் ஆகியவை ஒன்றுக்கொன்று முற்றிலும் வேறுபட்ட அணுகுமுறை கொண்டவை. இறக்குமதிச் சுங்கமும் கப்பல் செலவும் சேராததால் கொடுக்கும் பணத்துக்கு அதிகப் பொருள் கிடைக்க வாய்ப்புண்டு.

ஆக்டிவ் ஸ்பீக்கர்கள் பொறியியல் நோக்கில் மேலானவை என்பது என் எண்ணம். பெட்டிக்குள் ஒலி எழுப்பும் ஒவ்வொரு டிரைவருக்கும் தனி ஆம்ப்ளிஃபயர் இருப்பதால் வடிவமைப்பாளர் நினைத்ததை அப்படியே செய்துகாட்ட முடிகிறது. ஆனால் உள்ளிருக்கும் மின்னணுப் பலகை பழுதானால் ஸ்பீக்கரே ஊமையாகிவிடும். சென்னையிலேயே அந்தப் பலகையை மாற்றித் தரும் சர்வீஸ் வசதி இருக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே இந்த வழியில் போங்கள்.

நான்காம் படி: தாளில் உள்ள எண்களைப் படித்தல்

விவரத் தாளில் முதலில் பார்க்கவேண்டியது சென்சிடிவிட்டி. 2.83 வோல்ட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபெல் (ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) ஒலிக்கும் என்பதை அது சொல்கிறது. 8 ஓம் மின்தடை உள்ள ஸ்பீக்கருக்கு 2.83 வோல்ட் என்பது ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கோ அதே வோல்டேஜ் இரண்டு வாட். எனவே 4 ஓம் ஸ்பீக்கரில் 89 டெசிபெல் என்று அச்சிட்டிருந்தால் ஒரு வாட்டுக்கு 86 என்றே கணக்கிடுங்கள்.

ஆம்ப்ளிஃபயருக்கு எத்தனை வாட் வேண்டும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 86 டெசிபெல் ஸ்பீக்கர் ஜோடியை இரண்டரை மீட்டர் தள்ளி உட்கார்ந்து கேட்டால், தூரத்தால் குறைவதையும் இரண்டு ஸ்பீக்கர்களாலும் அறையாலும் கூடுவதையும் சேர்த்து, ஒரு வாட்டுக்கு ஏறக்குறைய 82 டெசிபெல் காதுக்கு வந்துசேரும். வீட்டில் நிறைவாகக் கேட்கும் அளவு 75 டெசிபெல் என்றும், தனி ஆவர்த்தனத்தின் உச்சத் தட்டுகள் அதற்கு மேல் 20 டெசிபெல் எகிறும் என்றும் வைத்துக்கொண்டால், தேவைப்படும் உச்சம் 95. வாட்டை இரட்டித்தால் 3 டெசிபெல்தான் கூடும். 13 டெசிபெல் கூட்டுவதற்கு 20 வாட் வேண்டும். ஆகவே 50 முதல் 100 வாட் வரை தரும் ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயர் நம் ஹாலுக்குத் தாராளம். 300 வாட் வாங்கச் சொல்பவரிடம் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். அதே சமயம், ஸ்பீக்கரின் ஓம் மதிப்பு 4-க்குக் கீழே இறங்குமானால், ஹோம் தியேட்டருக்கான சாதாரண ஏவி ரிசீவரை அதனுடன் இணைக்காமல் 4 ஓம் ஸ்பீக்கருக்குக் கூடுதல் வாட் தரும் ஆம்ப்ளிஃபயரைத் தேர்ந்தெடுப்பது அவசியம்.

'45 ஹெர்ட்ஸ் முதல் 28,000 ஹெர்ட்ஸ் வரை' என்று எழுதியிருந்தால், கூடவே எத்தனை டெசிபெல் ஏற்ற இறக்கத்துக்குள் என்பதும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை. இதைவிட மேலான ஆதாரம் சிடிஏ-2034 என்னும் தர அளவீட்டு முறைப்படி எடுக்கப்பட்ட அளவீட்டு வரைபடம். எதிரொலியற்ற சூழலில் ஸ்பீக்கரைச் சுற்றிப் படுக்கையாகவும் செங்குத்தாகவும் பத்துப் பாகை இடைவெளியில் 70 அளவீடுகள் எடுத்து, நேரே வரும் ஒலியும் பக்கச் சுவர்களுக்குப் போகும் ஒலியும் எப்படி இருக்கின்றன என்று அது காட்டும். நேர்க்கோடு பெரிய மேடுபள்ளமின்றிச் சீராகவும், பக்கக் கோடுகள் மென்மையாகச் சரிந்து இறங்கியும் இருந்தால் அந்த ஸ்பீக்கரை உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவரும் உள்ள அறையில் பக்கக் கோடுகளின் ஒழுங்கு இரட்டிப்பு முக்கியம்; ஏனெனில் அங்கே காதுக்கு வருவதில் பெரும் பங்கு சுவரில் பட்டுத் தெறித்த ஒலிதான்.

ஐந்தாம் படி: ஷோரூமில் காதை ஏமாறவிடாமல் கேட்டல்

கண்ணால் பார்த்தபடி கேட்கும்போது காது சொல்வதை மனம் மாற்றி எழுதிவிடுகிறது. ஒலியியல் ஆய்வாளர்களான ஃப்ளாய்டு டூலும் ஷான் ஆலிவும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், அதே ஸ்பீக்கர்களுக்கு அதே கேட்பவர்கள், திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது ஒருவிதமாகவும், பெட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டபோது வேறுவிதமாகவும் மதிப்பெண் போட்டார்கள். பெட்டியின் அளவும் பெயரும் தீர்ப்பை இழுத்துச் சென்றன. அனுபவசாலிகளும் இதற்கு விலக்கல்லர். கடையில் திரை கட்ட முடியாதென்றாலும், கண்ணை மூடிக்கொண்டு, எது ஒலிக்கிறது என்று சொல்லாமல் மாற்றித் தரும்படி கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

அதைவிட முக்கியமானது ஒலி அளவைச் சமப்படுத்துவது. ஒரு டெசிபெல் கூடுதலாக ஒலிக்கும் ஸ்பீக்கர், கேட்பவருக்கு 'தெளிவு அதிகம்' என்று தோன்றும்; கூடுதல் சத்தம் என்று தோன்றாது. மொபைலில் ஒலி அளக்கும் செயலியை வைத்துக்கொண்டு, நீங்கள் உட்காரும் இடத்தில் பிங்க் நாய்ஸ் என்னும் சோதனை இரைச்சல் 75 டெசிபெல் காட்டும்படி ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் வால்யூமைச் சரிசெய்யுங்கள். செயலியின் எண் துல்லியமாக இல்லாவிட்டாலும், இரண்டு ஸ்பீக்கர்களையும் சமப்படுத்த அது போதும். ஒரே ஆம்ப்ளிஃபயரில், ஒரே இடத்தில் வைத்து இரண்டையும் கேட்கவேண்டும் என்பதையும் வற்புறுத்துங்கள்.

பாடல்களைத் தரம் குறையாத ஃப்ளாக் கோப்பு வடிவில் உங்கள் பென்டிரைவிலேயே கொண்டுபோங்கள். கடைக்காரர் போடும் டெமோ இசை எந்த ஸ்பீக்கரையும் அழகாகக் காட்டுவதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டதாக இருக்கும். பல ஆண்டுகளாகக் கேட்டுப் பழகிய ஒரு வாய்ப்பாட்டு, ஒரு வீணை அல்லது வயலின் தனிக் கச்சேரி, எழுபது எண்பதுகளின் ஒரு திரைப்பாடல், பதிவுத் தரம் சுமாரான பழைய சபா ஒலிப்பதிவு ஒன்று ஆகியவை பென்டிரைவில் இருக்கட்டும். கடைசியாகச் சொன்னது மிகவும் தேவை. உங்கள் சேமிப்பில் உள்ளவை பெரும்பாலும் அத்தகைய பதிவுகளாகத்தான் இருக்கும். நல்ல பதிவில் மட்டும் இனிமையாக ஒலித்துவிட்டு, பழைய பதிவுகளைக் கேட்க முடியாமல் செய்யும் ஸ்பீக்கர் விரைவில் உங்களைப் பாட்டிலிருந்தே விலக்கிவிடும். தாழ்ந்த வால்யூமிலும் கட்டாயம் கேளுங்கள், ஏனெனில் இரவு பத்து மணிக்கு மேல் ஃப்ளாட்டில் அப்படித்தான் கேட்கப்போகிறீர்கள். அரை மணி நேரத்துக்குக் குறையாமல் உட்காருங்கள். முதல் ஐந்து நிமிடத்தில் பளிச்சென்று கவர்ந்த டிரெபிள் (உச்ச ஒலி), முப்பதாவது நிமிடத்தில் தலையை வலிக்கவைப்பதுண்டு. வீட்டில் உடன் இருப்பவர்களையும் அழைத்துப் போங்கள். வயது ஏற ஏற உச்ச ஒலி கேட்கும் திறன் குறைவது இயற்கை, பிள்ளைகளின் காது பிடிப்பதைப் பெற்றோரின் காது விட்டுவிடலாம்.

ஆறாம் படி: வீட்டில் வைத்துக் கேட்டல்

இந்தப் படிக்கு இசையாத விற்பனையாளரிடம் இவ்வளவு பெரிய தொகையைக் கொடுக்காதீர்கள் என்பதே என் உறுதியான ஆலோசனை. திருப்பித் தரக்கூடிய முன்பணம் வாங்கிக்கொண்டு ஓரிரு நாட்களுக்கு டெமோ ஜோடியை வீட்டுக்கு அனுப்பும் கடைகள் இருக்கின்றன. அனுப்ப இயலாதென்றால், வாங்கிய பின் குறிப்பிட்ட நாட்களுக்குள் மாற்றித் தருவார்களா என்று பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

ஸ்பீக்கர்கள் வந்ததும், இரண்டுக்கும் இடையே உள்ள தூரமும் ஒவ்வொன்றுக்கும் உங்களுக்கும் உள்ள தூரமும் ஏறத்தாழச் சமமாக இருக்கும்படி முக்கோணமாக வையுங்கள். உச்ச ஒலி தரும் சிறிய டிரைவரான ட்வீட்டர், உட்கார்ந்திருப்பவரின் காது உயரத்தில் இருக்கவேண்டும். பின்சுவருக்கும் தாழ்ந்த ஒலி தரும் பெரிய டிரைவரான வூஃபருக்கும் இடையே 60 சென்டிமீட்டர் இருந்தால், சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி 145 ஹெர்ட்ஸையொட்டி நேர் ஒலியுடன் மோதி அதைக் குறைத்துவிடும். ஒரு மீட்டர் என்றால் அந்தப் பள்ளம் 87 ஹெர்ட்ஸுக்கு இறங்கும். ஆண் குரலின் அடித்தளம் மெலிந்து கேட்டால், ஒரு சாண் முன்னேயோ பின்னேயோ நகர்த்திப் பாருங்கள். சில நேரம் ஆம்ப்ளிஃபயரை மாற்றினாலும் கிடைக்காத மாற்றம் அந்த ஒரு சாணில் கிடைக்கும். உங்கள் நாற்காலியை அறையின் சரிபாதியிலும் போடாதீர்கள், பின்சுவரில் ஒட்டியும் போடாதீர்கள். முன்னது 41 ஹெர்ட்ஸ் ஒலி மறைந்துபோகும் இடம், பின்னது அது உச்சமாக வீங்கும் இடம். நம் வீடுகளில் சோபா எப்போதும் சுவரை ஒட்டியே கிடக்கிறது. பாட்டுக் கேட்கும் நேரத்துக்கு மட்டும் அதை இரண்டடி முன்னே இழுத்துப்போட வீட்டார் சம்மதித்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

துல்லியமாகப் பார்க்க விரும்புபவர்கள் மினிடிஎஸ்பி நிறுவனத்தின் யூமிக்-1 போன்ற அளவீட்டு மைக் ஒன்றையும், இலவசமாகக் கிடைக்கும் ரூம் ஈக்யூ விசார்ட் மென்பொருளையும் கொண்டு அறையை அளக்கலாம். 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே வரைபடத்தில் உயர்ந்து நிற்கும் மேடுகளை, ஒலியைப் பகுதி பகுதியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசரால் வெட்டுவது நல்ல பலன் தரும். பள்ளங்களை நிரப்ப முயலாதீர்கள். கூட்டிய பலம் எல்லாம் அதே மோதலில் அழிந்து, வூஃபருக்குச் சுமைதான் ஏறும். அளக்கும்போது மின்விசிறியையும் ஏசியையும் நிறுத்திவிடுங்கள். பிறகு அவற்றைப் போட்டும் கேளுங்கள். மே மாதத்தில் அவை ஓடாமல் நீங்கள் பாட்டுக் கேட்கப்போவதில்லை.

ஏழாம் படி: பணத்தைப் பிரித்தல்

மொத்தத் தொகையில் பாதிக்குச் சற்று மேல் ஸ்பீக்கருக்கும், பத்திலொரு பங்காவது கம்பளம், திரைச்சீலை, ஒலி உறிஞ்சும் பலகை ஆகியவற்றுக்கும் ஒதுக்குங்கள். மீதியில் ஆம்ப்ளிஃபயரும் ஸ்டாண்டும் அடங்கவேண்டும். ஸ்பீக்கர் வயருக்குப் பல்லாயிரங்கள் கேட்பார்கள். 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு மல்டிஸ்ட்ராண்ட் வயர் ஐந்து மீட்டர் ஓடினாலும், போகவர மின்தடை 0.1 ஓமுக்குள் அடங்கிவிடும். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டே இல்லை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் நல்ல பனானா பிளக்குகளுடன் அதை முடித்துக்கொண்டு, மிச்சப்பட்ட பணத்தைக் கம்பளத்தில் போடுங்கள். மின்வெட்டுக்காக வீட்டில் ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர் இருந்தால் அதில் ஆம்ப்ளிஃபயரை இணைக்கவேண்டாம். சைன் வேவ் இன்வெர்ட்டரே ஏற்றது. எர்த்திங் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்து முன்கூட்டியே சோதித்துவிடுங்கள்.

எட்டாம் படி: இந்த ஊர்க் காற்றுக்கும் நீருக்கும் தாங்குமா

வூஃபரைச் சுற்றியுள்ள வளையம் ரப்பரா, ஃபோமா என்று பாருங்கள். வெப்பமும் ஈரமும் சேர்ந்த நம் ஊரில் ஃபோம் வளையம் சில ஆண்டுகளிலேயே பிசுபிசுத்து உதிரத் தொடங்கும்; ரப்பர் நெடுங்காலம் நிற்கும். செகண்ட்ஹேண்ட் ஸ்பீக்கர் பார்க்கப் போனால் இதைத்தான் முதலில் சோதிக்கவேண்டும். கூம்பின் மையத்தைச் சுற்றி விரல்களைச் சமமாக வைத்து மிக மெதுவாக அழுத்திப் பாருங்கள். உள்ளே உரசும் ஒலி கேட்டால் வூஃபரின் கம்பிச்சுருள் இடம் மாறியிருக்கிறது, அந்த ஸ்பீக்கரை விட்டுவிடுங்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர், நீலாங்கரை போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக் காற்று, வயர் இணைக்கும் பின்புற டெர்மினல்களைப் பச்சை பிடிக்கவைக்கும். பால்கனிக் கதவுக்கு நேரே ஸ்பீக்கரை வைக்காமலிருப்பதும், ஆண்டுக்கொரு முறை டெர்மினல்களைக் கழற்றித் துடைப்பதும் அவசியம்.

பெட்டி பெரும்பாலும் மர நாரை அழுத்திச் செய்த எம்டிஎஃப் பலகையில் செய்யப்படுகிறது. தண்ணீர் பட்டால் அது ஊதிவிடும். தினமும் தரை துடைக்கும்போது ஈர மாப் ஃப்ளோர்ஸ்டாண்டரின் அடிப்பகுதியில் இடித்து இடித்து, ஓராண்டில் கீழ் விளிம்பு வெனீர் எழும்பி நிற்பதைப் பல வீடுகளில் காணலாம். மார்பிள் கடையில் ஒரு கிரானைட் துண்டை அளவுக்கு வெட்டி வாங்கி, ரப்பர் பாதங்களின்மேல் வைத்து, அதன்மீது ஸ்பீக்கரை நிறுத்தினால் இந்தச் சேதம் வராது. 2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலையும் பார்த்த தாழ்வான பகுதிகளில் தரைத்தள வீட்டுக்காரர்கள், இருவர் சேர்ந்து சட்டென்று தூக்கி மேலே வைக்கக்கூடிய எடையுள்ள ஸ்பீக்கரையே வாங்கவேண்டும் என்பேன். பாஸ் போர்ட் என்னும் துளை வழியாகப் பல்லியும் கரப்பானும் உள்ளே போய்விடும். ஸ்பீக்கருடன் வரும் ஃபோம் அடைப்பானை, கேட்காத நேரங்களில் போர்ட்டில் செருகிவையுங்கள். அதே அடைப்பானைச் செருகிக் கேட்டால் பாஸ் வீக்கமும் சற்றுத் தணியும்.

கடைசிப் படி: பில், வாரண்டி, அட்டைப்பெட்டி

இறக்குமதியான பொருளின் பெட்டியில் எம்ஆர்பி விலையும் இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் அச்சிட்ட லேபிள் இருக்கவேண்டும் என்பது சட்டம். அந்த லேபிள் இல்லாத பெட்டி குறுக்குவழியில் வந்ததாக இருக்கலாம். இந்திய வாரண்டி அதற்குப் பெரும்பாலும் கிடைக்காது. சிங்கப்பூரிலிருந்தோ துபாயிலிருந்தோ உறவினர் கொண்டுவந்து தருவதானால், விலை வித்தியாசத்தில் சுங்கத்தையும் வாரண்டி இழப்பையும் கழித்துவிட்டுக் கணக்குப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து வரும் ஆக்டிவ் ஸ்பீக்கர் 120 வோல்ட்டுக்கு மட்டும் செய்யப்பட்டதாக இருந்தால் நம் 230 வோல்ட்டில் எரிந்துபோகும்.

ஜிஎஸ்டி பில்லில் இரண்டு ஸ்பீக்கர்களின் சீரியல் எண்களும் தனித்தனியே எழுதப்பட்டிருக்கட்டும்; டிரைவர் பழுதானால் மாற்று டிரைவர் எத்தனை நாளில் வரும், யார் மாற்றுவார்கள் என்பதையும் இறக்குமதியாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள். தகராறு வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியலாம். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஆணையத்திலேயே வழக்குத் தொடரவும் வழியுண்டு. ஸ்பீக்கர் வந்த அட்டைப்பெட்டியையும் உள்ளிருந்த தெர்மோகோல் அச்சுகளையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். சர்வீஸுக்கு அனுப்பவோ வீடு மாற்றவோ அவை இன்றியமையாதவை. பிற்காலத்தில் விற்கும்போதும் அவற்றோடு சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் விலை கிடைக்கும். பரணில் கரையான் ஏறாதபடி பாலிதீன் உறையிட்டு, சுவரில் ஒட்டாமல் வைத்தால் போதும்.